அந்த நோய்க்குப் பெயர் சொல்லுங்கள்

– இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

ஒரு வீட்டில் தகப்பனாருக்குச் சர்க்கரை நோய் என்றால் அந்த வீட்டுக் குழந்தைக்குக்கூட அது தெரிந்திருக்கிறது. "அப்பாவுக்குச் சீனி போடாதம்மா" என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பெருமைப்படுகிறோம். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி தேடித் தெருவே ஓடுகிறது. ஆனால் தாய்க்கோ தந்தைக்கோ மனநோய் என்றால் மட்டும் வீட்டின் வாய் மூடிக்கொள்கிறது. ஊராரிடம் மூடிக்கொள்வது எனக்குப் புரிகிறது. பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டும் பிள்ளையிடமும் மூடிக்கொள்கிறதே, அது ஏன்? மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் நான் வைக்க விரும்புவது இந்தக் கேள்வியைத்தான்.

ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. என் அம்மாவுக்கு அந்த நோய் இருக்கிறது.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகில் அம்மா பூ விற்றுவந்தார். விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, பகலெல்லாம் கட்டி, மாலையில் முழம் போட்டு விற்பார். அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அம்மா இரண்டு கூடை முல்லையைக் கடனுக்கு வாங்கி வந்தார். மாலையில் போவோர் வருவோர்க்கெல்லாம் காசு வாங்காமல் கொடுத்தார். சைக்கிளில் போன ஒரு பெண்மணியை நிறுத்தித் தலையில் வைத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று கைதட்டினேன். இரவில் தூங்காமல் பாடினார். எனக்குப் புதுச்சட்டை மூன்று எடுத்தார். புதுச்சேரியிலேயே மகிழ்ச்சியான அம்மா என் அம்மாதான் என்று நினைத்தேன். அந்த இருபது நாட்களும் எனக்குத் திருவிழாவாக இருந்தன. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஏனென்றால் குழந்தைக்கு நோய் நோயாகத் தெரிவதில்லை. பெரியவர்கள் பயந்துகொண்டிருந்த நாட்களில் நான் மட்டும் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். குளிக்கவில்லை, தலை சீவவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள்.

இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மாரியம்மனுக்கு என்று மஞ்சள் துணியில் அம்மா முடிந்து வைத்திருந்த காணிக்கையிலிருந்து இருபது ரூபாய் எடுத்துப் பட்டம் வாங்கியிருந்தேன். அம்மா படுத்தது அதற்கடுத்த வாரம். ஒன்பது வயதுப் பையன் வேறு என்ன முடிவுக்கு வருவான்? நான் திருடியதற்கு அம்மன் அம்மாவைத் தண்டித்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் திருட்டு வெளிப்பட்டுவிடும். எங்கள் ஆயா பேய் என்றார். எதிர்வீட்டார் செய்வினை என்றார்கள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. என்னிடம் சொல்லாமல் விட்ட இடத்தில் நானே ஒரு கதையை எழுதிக்கொண்டு ஐந்து வருடம் அதைச் சுமந்தேன். மனநோயாளிகளின் பிள்ளைகள் பலர் இப்படித் தம்மீதே பழியைப் போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு விஷயத்தை முத்தியால்பேட்டையில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே!

அந்த ஐந்து வருடத்தில் வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், தாயத்து போட்டார்கள். மனநோய்க்கு மருந்து என்று ஒன்று நவீன மருத்துவத்தில் வேரூன்றியது 1952இல், பாரிஸ் நகரத்து செயின்ட் ஆன் மருத்துவமனையில். குளோர்புரோமசைன் என்ற அந்த மருந்தை அங்கே நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நம் புதுவையும் அந்தப் பாரிசின் ஆட்சியில்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் போய், தெருப்பெயர்களும் ரொட்டியும் தங்கின. அந்தச் செய்தி மட்டும் அறுபது ஆண்டு கழித்தும் எங்கள் தெருவுக்கு வந்துசேரவில்லை.

இரவில் அம்மா எழுந்து வெளியே போய்விடுவார். ஒருமுறை குருசுக்குப்பம் கடற்கரையில், அலைக்கு அருகில் உட்கார்ந்திருந்தவரை மீனவர் ஒருவர் அழைத்து வந்து விட்டார். அன்றிலிருந்து நான் ஓர் ஏற்பாடு செய்தேன். படுக்கும்போது அம்மாவின் முந்தானை நுனியை என் மணிக்கட்டில் முடிந்துகொள்வேன். அவர் எழுந்தால் எனக்கு விழிப்பு வந்துவிடும். காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுவேன். வீட்டுப்பாடம் செய்திருக்க மாட்டேன். பெற்றோர் கையெழுத்தை நானே போட்டுக்கொள்வேன். வாங்காத அடி இல்லை. ஆனால் ஏன் தூங்குகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அந்த முடிச்சைப் பற்றி நான் பெருமையாகவே நினைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகுதான் ஏர்வாடியைப் பற்றிப் படித்தேன். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். படித்த அன்று என் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நான் கட்டியது சேலைதான், சங்கிலி அல்ல. மறுமுனையில் நானும் கட்டுண்டு கிடந்தேன். இருந்தாலும் அங்கே கட்டி வைத்தவர்களும், அழைத்துக்கொண்டுபோய் விட்ட பிள்ளைகளும், வேறு வழி தெரியாமல்தானே செய்திருப்பார்கள் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஏர்வாடி எங்கோ இருக்கும் கொடியவர்களின் ஊர் என்று பேசுகிறவர்களோடு என்னால் சேர்ந்துகொள்ள முடிவதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் இரவில் எழுந்து போகும் தாயைப் பன்னிரண்டு வயதுப் பையன் என்ன செய்ய வேண்டும் என்பதை அவனுக்கு யார் சொல்வது?

எனக்குப் பதினான்கு வயதானபோது, அப்பா வேலை பார்த்த கட்டடத்தின் மேஸ்திரி ஒருவர் வற்புறுத்தியதால் அம்மாவை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். எத்தனை நாள் தூங்கவில்லை, என்ன பேசினார், எப்போது சாப்பிட்டார் என்று அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னது நான். அப்பா வேலைக்குப் போய்விடுவதால் அவருக்குப் பாதி தெரியாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகு மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தம்பி, நீ கொஞ்சம் வெளியே இருப்பா" என்றார். உள்ளே அப்பாவிடம் நோயை விளக்கியிருக்கிறார். வெளியே வந்த அப்பாவிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நரம்புத் தளர்ச்சியாம். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம். நீ படிக்கிற வேலையப் பாரு" என்றார்.

சீட்டை வாசிக்கத் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். லித்தியம் கார்பனேட், 300 மில்லிகிராம். பதினொன்றாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையை ஆசிரியர் விரித்துக் காட்டியபோது மூன்றாவது கட்டத்தில் எங்கள் வீட்டு மாத்திரை உட்கார்ந்திருந்தது! ஹைட்ரஜன், ஹீலியம், அடுத்தது லித்தியம். சுடரில் காட்டினால் செக்கச்சிவந்த நிறம் தருவது. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதைப் பித்த வெறி கொண்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அண்டை அயலாரின் பேய்க்கும் செய்வினைக்கும் அசையாத ஒன்று, ஒரு சாதாரண உப்புக்கு அடங்குகிறது. நான் வேதியியல் எடுத்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம் "மார்க் அவ்வளவுதான் வந்தது" என்று சொல்லிவந்திருக்கிறேன். அது முழு உண்மை அல்ல.

நோய்க்குப் பைபோலார் என்று பெயர். இருதுருவ நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். உள்ளம் ஒரு காலம் உச்சியில் ஏறுவதும் ஒரு காலம் பள்ளத்தில் கிடப்பதும் அதன் இயல்பு. பூவை வாரிக் கொடுத்ததும் அதுதான், சுவர்ப்பக்கம் திரும்பியதும் அதுதான். இந்த இரண்டு வரியை ஒன்பது வயதில் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காதா? இருபது ரூபாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதாவது தெரிந்திருக்குமே.

"சின்னப் பையன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? பயந்துக்குவான்" என்பது அப்பாவின் கட்சி. அன்பினால் சொன்னது என்பதை அறிவேன். ஆனால் சொல்லாமல் விட்டது பயத்தைக் குறைக்கவில்லை. மருத்துவத்தையே கெடுக்கப் பார்த்தது. மாத்திரை தொடங்கிய அடுத்த ஆடியில், குணமானதற்கு நன்றியாக அம்மா மாரியம்மனுக்கு உப்பில்லா விரதம் இருந்தார். சில நாட்களில் கை நடுங்கியது, வாந்தி எடுத்தார், நடை தள்ளாடியது. பழைய நோய் திரும்பிவிட்டது என்று ஆயா மறுபடி வேப்பிலையைத் தேடினார். ஓடிப்போய் மருத்துவமனையில் சேர்த்து இரத்தம் எடுத்துப் பார்த்தால், லித்தியம் அளவு மீறியிருந்தது. சோடியமும் லித்தியமும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள். உணவில் உப்பு குறைந்தால் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும் சிறுநீரகம், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடும் வெயிலிலும் பேதியிலும் உடம்பின் நீர் வற்றினாலும் இதே ஆபத்து. ஆகவே உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, தண்ணீர் குறையக் கூடாது, குறித்த காலத்தில் இரத்தம் பார்க்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்லியிருப்பார்கள், அவர் மறந்திருப்பார். சோறு வடித்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்தது நான். எனக்குச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். படித்தபோது நெஞ்சம் குளிர்ந்தது. நோயாளி தமக்காகப் பேச ஒருவரைப் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம், அவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதுவும் சரியே, பதினான்கு வயதுப் பையன் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடையில் ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருக்குமே, அதற்கு என்ன சொல்லப்படுகிறது? நார்வே நாட்டில் 2010 முதல் இதற்கென்றே சட்டவிதி நடைமுறையில் உள்ளது. மனநோயாளிக்கோ, கடும் நோயாளிக்கோ, குடிநோயாளிக்கோ மருத்துவம் பார்ப்பவர், அவருக்குச் சிறு பிள்ளைகள் உண்டா என்று விசாரித்து, அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய விவரமும் கவனிப்பும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

நம் நாட்டுக்கு இது புதிதான சிந்தனை என்றும் சொல்ல முடியாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது. உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கி நோயைத் தெரிந்துகொண்டு போவது அங்கே வழக்கம். குடும்பம் இல்லாமல் மனநோய்க்கு மருத்துவம் இல்லை என்று கண்டவர்கள் நம்மவர்கள். குடும்பம் என்றால் கணவன், அண்ணன், மாமனார் என்று நின்றுவிடுகிறோம்.

நம் நகரத்து ரோமன் ரோலன் நூலகத்தில் சார்லி சாப்ளினின் தன்வரலாறு கிடைத்தது. ஆங்கிலம் தடுமாறித்தான் படித்தேன். ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 1903ஆம் ஆண்டு, சாப்ளினுக்குப் பதினான்கு வயது. வீடு திரும்புகிறான் சிறுவன். உன் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் தெருப் பிள்ளைகள். அந்த அம்மாள் வீடு வீடாகப் போய், குழந்தைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று சொல்லி நிலக்கரித் துண்டுகளைக் கொடுத்திருக்கிறார். இலண்டனில் நிலக்கரி, முத்தியால்பேட்டையில் முல்லை! அண்ணன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். சிறுவன் தாயைக் கைபிடித்து நடத்தியே மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறான். நீ எங்கே இருப்பாய் என்று மருத்துவர் கேட்கிறார். அத்தையிடம் இருப்பேன் என்று பொய் சொல்கிறான். உண்மையைச் சொன்னால் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியில் அடைத்துவிடுவார்களே! உலகத்தைச் சிரிக்க வைத்தவர் 1921இல் தாயைத் தம்மோடு கலிபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார். அந்த அம்மையார் 1928இல் இறந்தார். எனக்கு அந்தப் பொய்தான் பெரிதாகப் பட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் நன்றாகப் பொய் சொல்வார்கள், பேராசிரியர்களே. "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க", "பஸ் பஞ்சர்", "எனக்குக் காய்ச்சல்".

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு நோய் மாறினாலும் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. அறுபது பேர் உள்ள வகுப்பில் நூற்றிருபது பெற்றோர். சராசரிக் கணக்குத்தான் என்றாலும், பன்னிரண்டு வீடுகள் வரும். எங்கள் வகுப்பில் என்னைத் தவிர ஒருவரும் வாய் திறந்ததில்லை; நானும் இன்றுதான் திறக்கிறேன்.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு நம் பேச்சே சாட்சி. ஆய்வகத்தில் குடுவையை உடைத்தவன் "மென்டல்". விடை தெரியாதவள் "லூசு". யாராவது தனியாகச் சிரித்தால் "கீழ்ப்பாக்கம் கேஸ்". 1794இல் தொடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ ஆயிரம் பேரைப் பராமரித்த சென்னை மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கிய பெருமை நம் சினிமாவுக்கும் நமக்கும் உண்டு. நானும் சிரித்திருக்கிறேன், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருக்கிறேன், சந்தேகம் வரக்கூடாதே என்று.

இன்னொரு கேள்வியும் இந்தப் பிள்ளைகளின் மனத்தில் இருக்கும். பெற்றோரிடம் கேட்க மாட்டார்கள். எனக்கும் வருமா? தேர்வுக்கு முன் இரண்டு இரவு தூக்கம் வராவிட்டால் எனக்கு உடனே அந்தப் பயம் வந்துவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. பொதுமக்களுக்கு நூற்றுக்கு ஒன்று. பத்து என்பது சிறியதல்ல. ஆனால் நான் நூற்றுக்கு நூறு என்று எண்ணியல்லவா பத்து வருடம் வாழ்ந்தேன்!

சென்ற ஆண்டு எனக்கு வருகைப் பதிவு குறைந்தது. துறைக்கு அழைத்த பேராசிரியர் ஒருவர் பெற்றோரைக் கூட்டி வா என்று சொல்லாமல், "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாப்பா?" என்று மட்டும் கேட்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பில் அப்படிக் கேட்ட முதல் ஆசிரியர் அவர். நான் அன்றும் முழுதாகச் சொல்லவில்லை. "ஆமாங்க சார், அம்மாவுக்கு" என்றேன். அவர் மேலே துருவவில்லை. அந்த அளவுக்கு ஒரு கேள்வி கேட்க எந்த ஆசிரியருக்கும் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. மருத்துவரும் "வெளியே இரு" என்று சொல்வதற்கு முன்போ பின்போ பிள்ளைக்கு நோயின் பெயரைச் சொல்லி, உன்னால் வந்ததல்ல என்று ஒரு வார்த்தை சொல்லலாம். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் உதவி 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முந்தானையை முடிந்துகொண்டு படுத்த நாட்களில் அந்த எண் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

பெயர் போடாமல் எழுதியிருக்கிறானே, இவன் எப்படி ஊருக்கு உபதேசம் செய்கிறான் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொல்லிவிட்டு, கடலூரில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பஸ்ஸில் அழைத்துப் போனவன் நான். அன்று அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மாத்திரையால் நன்றாகத்தான் இருந்தார். முதல் நாள் இரவு முழுவதும் உட்கார்ந்து அக்காவுக்குச் சடைப்பூ தைத்தவரே அவர்தான். அரியாங்குப்பம் தாண்டியதும், "அவங்க ஊட்டு ஆளுங்க பூவப் பத்தி ஏதாவது சொன்னா வந்து சொல்லுடா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. திருமணத்துக்கு வந்திருந்தார். ஆனால் சம்பந்தி வீட்டாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. அக்காவுக்குத் திருமணமாகி எட்டு மாதந்தான் ஆகிறது. என் வகுப்பு நண்பர்கள் இதற்குள் என்னைக் கண்டுபிடித்திருப்பார்கள், பரவாயில்லை. கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்; எடுத்துவிட்டேன்.

போன மாதம் அம்மாவுக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வெளி நோயாளிகள் பிரிவில் காத்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில், பள்ளிச் சீருடையில் பத்து வயதிருக்கும் ஒரு பெண், மடியில் புத்தகப் பை, அதற்கு மேல் மருத்துவக் கோப்பு. பக்கத்தில் அவள் தகப்பனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தாயார் எழுப்பி உள்ளே அழைத்துப் போனார். இவளை அங்கேயே இருக்கச் சொன்னார். சிறிது நேரம் கழித்து அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, இது ஒட்டுமா?" என்றாள்.

"ஒட்டாது" என்றேன். எழுந்துபோய் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அம்மா தன் மடியிலிருந்த பிஸ்கட்டைப் பிரித்து அவளிடம் நீட்டினார். அதற்குள் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.